மனு எழுதியவன் வாக்குமூலம்

ஆமாம் ஐயா, அது என் எழுத்துதான்.
தெலுங்கு எழுதிப் பழகிய கை,
‘ற’வுக்கு வால் கொஞ்சம் வளையும்.
மூன்று பக்கம், நாற்பத்தோரு கைநாட்டு.
காசு வாங்கவில்லை.
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராளகுண்டாவில் முந்நூறு விசைத்தறி.
காலை ஆறுக்கு ஓட ஆரம்பித்தால்
எதிரில் நிற்பவன் உதட்டைத்தான் படிக்க வேண்டும்.
ஆகவே
மாந்தோப்பில் கஜபதியைக் கட்டிவைத்து அடித்தபோது
எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.
பதினோரு வருடம் அப்படித்தான் சொல்லிவந்தோம்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை என்பது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பெத்தாயன என்பது பெயரல்ல.
பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.
ஊர் மோட்டாரின் சாவி அவன் அரைஞாணில்.
எங்கள் ரேஷன் அட்டை அவன் பீரோவில்.
எவள் எப்போது வயதுக்கு வந்தாள் என்பது
தாய்மாமனுக்கு முன்னே அவனுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுப் போலீஸ் வந்தால்
ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான்.
ஆந்திரா போலீஸ் வந்தால் இந்தப் பக்கம்.
ஓடையில் தண்ணீர் பார்த்து ஆறு வருடம்.
எல்லை அவனுக்கு இடுப்பு வேட்டி,
வேண்டும்போது மடித்துக் கட்டுவான்.

உங்கள் ஊரை நீங்களே திருத்தியிருக்கலாமே,
துப்பாக்கியோடு வெளியாளைக் கூப்பிடலாமா என்று
சென்னையில் இருந்து ஒருவர் பேப்பரில் எழுதினார்.
திருத்தப் பார்த்தோம் ஐயா.
பார்த்தவன் பெயர் தேசப்பன்.
அவன் சைக்கிள் ஓடை மணலில் கிடக்கிறது,
ஹாண்டில் பார் மட்டும் தெரியும்.

இனி நீங்கள் கேட்க வந்த இடம்.

அடிக்கிறான், பிடுங்குகிறான் என்று எழுதினால்
கோப்பு நகராது.
தாலுகா ஆபீஸ் வாசலில் பதினேழு வருடம்,
எந்தச் சொல்லுக்கு எந்த நாற்காலி எழும் என்று தெரியும்.
‘ஆயுதக் குவியல்’ என்று எழுதினேன்.
நாட்டுத் துப்பாக்கி பன்னிரண்டு என்றேன்.
எண்ணினேனா? இல்லை.
பத்து என்றால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும்.
பன்னிரண்டு நம்பும்படி இருந்தது.

இரண்டு மாநிலமும் சேர்ந்து
விடிகாலை நாலுக்கு எட்டு வேன்.
வைக்கோல் போரைக் குத்தினார்கள்.
கிணற்றில் ஆள் இறக்கினார்கள்.
கங்கம்மா உண்டியலைக்கூடக் கவிழ்த்தார்கள்.
கிடைத்தது:
காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த ஒற்றைக் குழல், துரு ஏறியது.
மோட்டார் சாவி.
ரப்பர் பேண்டு போட்ட ரேஷன் அட்டை இருநூற்றுப் பதினாறு.

அவனை வேனில் ஏற்றியபோது
யாரும் கை தட்டவில்லை.
ஆறு மணி ஆகியும் தறி ஓடவில்லை.
நகரி மூக்கு மலையில் வெயில் விழுந்தது.
பிறகு யாரோ மோட்டாரைப் போட்டார்கள்,
கேட்காமல்,
பகலில்.
பெண்கள் குடத்தோடு ஓடியதை நீங்கள் பார்த்திருந்தால்
என்னிடம் பாதிக் கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள்.

மீதிப் பாதி இது.
இருட்டில் ஓடிய ஒருவனைச் சுட்டார்கள்.
அவன் ஆள் இல்லை.
நூல் சுற்றுகிற பையன், முனிகிருஷ்ணன்.
காக்கியோ வெள்ளை வேட்டியோ,
கண்டால் ஓடு என்று
அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான்.
மனுவில் இருபத்தேழாவது ரேகை அவனுடையது.
எழுதத் தெரிந்தவன்.
பெயர் வேண்டாம் அண்ணா, விரல் போதும் என்றான்.

ஒரு வேன் இன்னும் பள்ளிக்கூடத்தில் நிற்கிறது.
பிள்ளைகள் மரத்தடியில் படிக்கிறார்கள்.
எப்போது போவீர்கள் என்று
அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

நியாயமா என்றால், நியாயம்தான்.
மறுபடி எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.
பொய் அந்தப் பன்னிரண்டு மட்டும்,
பயம் பொய் இல்லை.
இந்த வாக்கியத்தை
தினமும் ராத்திரி சொல்லிப் பார்க்கிறேன்.
சில ராத்திரி நிற்கிறது.

நேற்று அவன் அம்மா வந்தாள்,
நஷ்டஈட்டுக்கு மனு எழுத.
எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.
‘ஒக்கடே’ என்றாள்.

ஒன்று என்று எழுதினேன் ஐயா.
இதில் ஒன்றும் கூட்டவில்லை.